வேலிக்கு அந்தப் பக்கம் நின்ற பலகை

போன ஆவணி, ஒரு ஞாயிற்றுக்கிழமை பின்னேரம், என் புருசன் எங்கள் முற்றத்தில் காருக்குக் கீழே நசிந்து கிடந்தார். வீட்டில் நான் மட்டும்தான். கார் அவருடைய வலது கைக்கு மேல் இருந்தது. நெஞ்சையும் அழுத்திக்கொண்டிருந்தது. "இழு புள்ள, இழு" என்றார். காலைப் பிடித்து இழுத்தேன். அசையவில்லை. பிறகு அவர் பேசவும் இல்லை.

சொந்தங்களே, அன்று கண்ணகைத் தாய் என் கூப்பாட்டைக் கேட்டாள். அதில் எனக்குச் சந்தேகம் இல்லை. ஆனாலும் சொல்லும்போது வாய் கசக்கிறது. முழுவதையும் கேளுங்கள்.

நாவற்குடாவில் அப்பா தன் ஒரே வளவைப் பிரித்து அக்காவுக்கும் எனக்கும் சீதனமாகத் தந்தார். இரண்டு வீடு, ஒரு கிணறு, நடுவில் வேலி இல்லை. அக்காவின் புருசன், எனக்கு அத்தான். அத்தானும் இவரும் சகலன்மார் என்றால் யாரும் நம்பமாட்டார்கள், அண்ணன் தம்பி என்றே நினைப்பார்கள். அத்தான் வான் வாங்கினபோது தன் பழைய காரை எங்களுக்கு விற்றார். இவர் அதில் வாடகைக்கு ஆள் ஏற்றி ஹயர் ஓடினார். கொஞ்ச மாதத்தில் முன் சில்லுப் பக்கம் டக்கு டக்கு என்று சத்தம்.

"தெரிஞ்சுதான் என்ர தலையில கட்டியிருக்கிறான்" என்றார் இவர்.

"என்ர கையில பூப்போல ஓடின கார். பள்ளம் எது, ரோட்டு எது எண்டு தெரியாதவனுக்குக் குடுத்தது என்ர பிழை" என்றார் அத்தான், கிணற்றடியில் நின்று, எங்களுக்குக் கேட்கிற மாதிரி.

அந்த இரண்டு பேச்சில் தகர வேலி எழும்பியது. கிணறு அந்தப் பக்கம் போனது. அக்காவின் முகமும் அந்தப் பக்கம் போனது. மீன் கொண்டு வருகிற மனிசி இரண்டு வாசலிலும் கூடையை இறக்கி ஏற்றிக் களைத்துப்போய்ச் சொல்லுவாள்: "உங்கட வளவுக்க ரெண்டு அடுப்பு எரியுதுகா. வேகிறது வயிறுதான்."

அந்த ஞாயிறு இவர் தானே காரைக் கழற்றிப் பார்க்க நின்றார். திருத்துவதற்கு இல்லை. "தேஞ்ச சாமானக் கழட்டிக்கொண்டு போய் அவன்ர வாசலில வைக்கிறன் பார்" என்றார். காரின் முன்பக்க மூலையை அமத்திக் கையை எடுத்தார். ஒருக்கா எழும்பி நிற்க வேண்டிய கார், வாவியில் தோணி மாதிரி ஆடிக்கொண்டே இருந்தது. "பாத்தியா? குலுக்கம் தாங்கிற ஷொக் செத்துப்போச்சு."

"அத்தானட்டக் கார் தூக்கிற பெரிய ஜக் கிடக்கு, அதுக்குக் கீழ போடப் பலகையும் கிடக்கு. கேட்டா என்ன?" என்றேன்.

"அவன்ர பலகையில ஏறுறதவிட மண்ணுக்குள்ள போகலாம்."

எங்கள் முற்றம் கடல்மண். சீனி மாதிரிக் கிடக்கும். அந்த மண்ணில் காரோடு வந்த சின்ன ஜக்கை வைத்துத் தூக்கினார். பின் சில்லுக்குக் கல் அணை கொடுக்கவில்லை. தூக்கின காருக்கு முண்டு கொடுத்தது, உள்ளே ஓட்டையான ஒரு சீமெந்துப் புளொக் கல். சில்லைக் கழற்றி வேலியோரம் உருட்டிவிட்டார். படுத்துக் கையை உள்ளே விட்டுத் தடவினார். "றப்பர் கிழிஞ்சுபோய்க் கிடக்கு!" என்று சிரித்தார். இன்னும் உள்ளே போய், எதையோ பிடித்து இழுத்து ஆட்டினார். மண்ணுக்குள் ஜக் சரிந்தது. புளொக் கல் பிஸ்கற் மாதிரி நொறுங்கியது.

எங்கள் அம்மன் கோயில் வைகாசியில்தான் கதவு திறக்கும். ஆவணியில் சாத்தின கதவு. நான் அந்தத் திசையைப் பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டு கத்தினேன். "கண்ணகைத் தாயே! ஆரையெண்டாலும் அனுப்பு. ஆரெண்டாலும் சரி!"

வாய் மூடவில்லை. தகரம் கிழிகிற சத்தம். அத்தான் வந்தார். ஒரு கையில் பெரிய ஜக், கக்கத்தில் தடித்த பலகை.

"இழுக்காத புள்ள! பின் சில்லுக்கு ரெண்டு பக்கமும் கல்லு வை." வைத்தேன். அவர் மண்ணை வழித்து மட்டமாக்கிப் பலகையைப் போட்டார். அதன் மேல் ஜக். மெல்ல மெல்லத் தூக்கினார். "தம்பி, மூச்ச விடு. இஞ்சதான் நிக்கிறன். மூச்ச விடுடா." கழற்றிக் கிடந்த சில்லை உருட்டி வந்து, கார் திரும்ப இறங்காமல் கீழே படுக்கப் போட்டார். அதற்குப் பிறகுதான் "இப்ப இழு" என்றார்.

இவருக்கு மூச்சு வந்தது. அழுதேன், சிரித்தேன். தாயே, தாயே என்று ஆஸ்பத்திரி வரைக்கும் வாய் ஓயவில்லை.

உயிர் தங்கிவிட்டது என்று டொக்டர் சொன்ன பிறகு, வார்ட்டுக்கு வெளியே அத்தானின் காலைத் தொடக் குனிந்தேன். "அம்மன்தான் உங்கள அனுப்பினா அத்தான். இல்லாட்டி இவ்வளவு கெதியா எப்பிடி வந்தீங்க?"

அவர் சுவரைப் பார்த்தார்.

"நான் வரல்ல புள்ள. அங்கதான் நிண்டன்."

ஜக் கிறீச்சிடுகிற சத்தம் கேட்டு வேலியால் எட்டிப் பார்த்தாராம். மண்ணில் வைத்திருப்பது தெரிந்ததாம். உடனே போய்ப் பலகையும் ஜக்கும் எடுத்து வந்தாராம். "சொன்னா, படிப்பிக்க வந்திட்டான் எண்டு நக்கலடிப்பான். அதுதான் நிண்டன். சில்லைக் கழட்டுறதையும் பாத்துக்கொண்டு நிண்டன். பலகை கையில இருந்தது. வாய் வரல்ல."

குனிந்த நான் நிமிர்வதா, இன்னும் குனிவதா என்று தெரியாமல் நின்றேன்.

இவருடைய வலது கை இப்போது கோப்பையைக்கூடப் பிடிக்காது. காரைக் கராச்சில் மெக்கானிக் பாஸ் பார்த்தார். முன் சில்லைத் தாங்குகிற மூட்டு கழன்று விழுகிற நிலையில் இருந்ததாம். "இன்னும் ரெண்டு ஹயர் ஓடியிருந்தா கார் பாலத்தில, சில்லு வாவிக்க" என்றார். ஆரின் கையில் தேய்ந்தது என்று கேட்டேன். "இரும்பு ஆள்ர பேர் சொல்லாது தங்கச்சி."

அதற்காகத்தான் வேலி போட்டோம்.

கிழிந்த தகரத்தை யாரும் தைக்கவில்லை. அந்தப் பொத்தலால் நான் தண்ணிக்குப் போகிறேன். அக்கா வாளியைத் தூக்கித் தருகிறாள். ஆம்பிளைகள் இரண்டு பேரும் அதால் கடக்கவில்லை. அத்தான் பலகையோடு பார்த்துக்கொண்டு நின்ற கதை இவருக்கும் தெரியும். "உயிரத் தந்தான், கையை எடுத்தான், சரிக்குச் சரி" என்கிறார் இவர். அத்தான் அந்தப் பக்கம் கேட்டுக்கொண்டு நிற்பார். அவருடைய இருமல் கேட்கும்.

சொந்தங்களே, நம்பிக் கூப்பிடுங்கள். தாய் கேட்கிறாள். நான் கூப்பிட முன்னமே ஆளைப் பலகையோடு வேலியில் நிறுத்தியிருந்தாள். அந்த நன்றி சாகும்வரை இருக்கும். வீட்டில் கார் தூக்குகிறவர்களே, இறுகின மட்டமான நிலத்தில் தூக்குங்கள். சில்லுக்கு அணை வையுங்கள். ஜக்கை மட்டும் நம்பிக் கீழே போகாதீர்கள், இரும்புத் தாங்கி வைத்து, ஒருக்கா ஆட்டிப் பார்த்துவிட்டுப் போங்கள். பக்கத்து வளவில் பலகை இருந்தால் கேளுங்கள். பலகையோடு நிற்கிறவர்களே, நக்கலுக்குப் பயப்படாமல் சொல்லுங்கள்.

வாற வைகாசியில் கதவு திறக்கும்போது நான் முன்னுக்கு நிற்பேன். இவர் ஒற்றைக் கையால்தான் கும்பிடுவார். அன்று நான், ஆளை அனுப்பு என்று கேட்கமாட்டேன். வந்து நிற்கிறவரின் வாயைத் திற தாயே என்று கேட்பேன்.