வின்னி ஹெஸ்கெத் அறிவித்த கோல்

ஹார்ன்பெக்கில் வின்னி ஹெஸ்கெத்தின் முகம் தெரியாதவர்கள் உண்டு. குரல் தெரியாதவர்கள் கிடையாது. எந்த வண்டி எந்த மேடையிலிருந்து கிளம்பும் என்று பஸ் நிலைய ஒலிபெருக்கியில் வருடக்கணக்காகச் சொன்னவள். ஓய்வு பெற்றதும் ஊர்க் கால்பந்துக் கழகம் அவளைக் கூப்பிட்டு மைக் முன்னால் உட்கார வைத்தது. புருஷன் இறந்து, மகள் கனடாவுக்குப் போய்விட்ட பிறகு, மற்ற நாட்களெல்லாம் ஆட்டம் நடக்கும் சனிக்கிழமைக்காகக் காத்திருப்பதுதான் என்றாகிவிட்டது அவளுக்கு.

அந்த வருடம் இலையுதிர் காலத்திலேயே அணிக்குச் சனி பிடித்தது. மழையில் மைதானம் சேறானது. கிறிஸ்துமஸுக்கு முன்பே பயிற்சியாளரை அனுப்பிவிட்டார்கள். புதிதாக வந்தவராலும் ஒன்றும் நடக்கவில்லை. அடுத்தவன் போட்ட கோலை வாரந்தோறும் அறிவித்து அறிவித்து வின்னிக்கே நாக்கு கசந்தது. அவர்கள் ஆடிய நான்காம் டிவிஷனில் கடைசியாக நிற்கும் அணி லீக்கை விட்டே வெளியேற வேண்டும். பாட்டன் காலத்திலிருந்து லீக்கில் இருந்த ஊர் அது. ஆலைகள் மூடிய பிறகு வெளியூர்க்காரர்கள் அதன் பெயரைக் கேட்பது சனிக்கிழமை மாலை ரேடியோவில் ஆட்ட முடிவுகள் வாசிக்கும்போது மட்டும்தான்.

கடைசி ஆட்டத்தன்று ஹார்ன்பெக்கும், செல்விக் என்ற ஊரின் அணியும் பட்டியலின் அடியில், புள்ளிகளில் சமம். கோல் கணக்கில் ஹார்ன்பெக் மயிரிழை மேல். அதே நேரத்தில் செல்விக் தன் ஊரில் என்ன செய்கிறதோ அதையே இங்கே செய்துவிட்டால் தப்பித்துவிடலாம். செல்விக் ஜெயித்தால் இவர்களும் ஜெயித்தாக வேண்டும்.

முடிய பத்து நிமிடம் இருக்கும்போது இங்கே ஒன்றுக்கு ஒன்று. அங்கே கோலே இல்லை என்று கூட்டத்துக்கே தெரியும். கேப்டன் காலின் மெடோக்ராஃப்ட் பின்வரிசையை இறுக்கிப் பிடித்து, பந்து வந்தால் கூரைமேல் அடித்துக்கொண்டிருந்தான். அப்போது ரேடியோவைக் காதில் வைத்தபடி ஸ்டான் பர்ட்விசில் அறிவிப்பறைக்குள் வந்தார். கழக நிர்வாகிகளில் ஒருவர், இறைச்சிக் கடைக்காரர்.

"செல்விக் போட்டுட்டான், வின்னி. சொல்லு."

"இப்பவா? பசங்க பதறிடுவாங்களே."

"பின்னே? ட்ரா போதும்னு நெனச்சுக்கிட்டே செத்துப் போகட்டுமா? நான் சொல்றேன்ல, சொல்லு."

வின்னி மைக்கை அழுத்தினாள். பஸ் நேரம் சொல்லும் அதே குரலில், "செல்விக்கிலிருந்து வந்த செய்தி. செல்விக் ஒரு கோல் போட்டு முன்னிலையில் இருக்கிறது" என்றாள்.

நான்கு பக்கமும் "மேலே போங்கடா" என்று கத்தல். காலின் உட்பட எல்லாரும் முன்னால் ஓடினார்கள். கொஞ்ச நேரத்தில் எதிரணிக்காரன் ஒருவன் தனியாகப் பந்தோடு வந்தான். எதிரே கோல்கீப்பர் மட்டும்தான். கோல் விழுந்தது. வின்னி அதையும் அறிவித்தாள்.

ஆட்டம் முடிந்து சேற்றில் விளையாட்டுக்காரர்கள் விழுந்து கிடக்கும்போது அடுத்த செய்தி வந்தது. செல்விக்கிலும் கடைசி நிமிடத்தில் எதிரணி கோலைத் திருப்பிவிட்டது. அங்கே ட்ரா. இங்கேயும் ஒன்றுக்கு ஒன்று என்று நின்றிருந்தால் ஹார்ன்பெக் பிழைத்திருக்கும். அதைச் சொல்ல மைக் பக்கம் போன கையை எடுத்துவிட்டு, வின்னி ஸ்டானைத் திரும்பிப் பார்த்தாள். அறையில் அவரைக் காணவில்லை.

ஊருக்கு ஒரு ஆள் வேண்டியிருந்தது. வின்னி கிடைத்தாள். யாரையும் கேட்காமல் அறிவிப்பாளரே செய்த காரியம் என்று கழகம் சொன்னதாக உள்ளூர்ப் பத்திரிகை எழுதியது. ரொட்டிக் கடை வரிசையில் ஒருத்தன், "அடுத்த பஸ் எங்கேம்மா போவுது? பாதாளத்துக்கா?" என்று அவள் காதுபடவே கேட்டான். சிரித்தவர்களில் பாதிப் பேரைக் குழந்தையிலிருந்து அவளுக்குத் தெரியும். ஸ்டான்தான் சொல்லச் சொன்னார் என்று அவள் யாரிடமும் சொல்லவில்லை. அவராகவே சொல்வார் என்று காத்திருந்தாள்.

ஜூலையில் ஸ்டான் பூங்கொத்தோடு வாசலில் வந்து நின்றார்.

"சீசன் ஆரம்பிக்குது, வின்னி. கீழ் லீக்னாலும் ஆட்டம் ஆட்டம்தானே. வந்துடேன்."

"பேப்பர்ல வந்ததைப் படிச்சியா, ஸ்டான்?"

"படிச்சேன்."

"படிச்சுட்டு?"

அவர் செருப்பைப் பார்த்தார். "எனக்குக் கடை இருக்கு, வின்னி. வாடிக்கை போயிடும்."

அவள் பூவை வாங்கிக்கொண்டு கதவைச் சாத்தினாள்.

இலையுதிர் காலத்தில் ஒருநாள் பஸ்ஸில் காலின் அவள் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான். கழகம் அவனை அணியிலிருந்து நீக்கிவிட்டது. இப்போது பக்கத்து ஊர்க் கிடங்கில் வேலை. முழங்கால் வலிக்கிறது என்றான். பிறகு, "சொல்லாம இருந்திருக்கலாம், மிஸஸ் ஹெஸ்கெத்" என்றான்.

"அந்த நேரத்துக்கு அது நெசம்தானே, காலின்?"

"நெசம்தான். யாரு இல்லேன்னா?"

அதில் கோபம் இல்லை. கிடங்கு வந்ததும் அவன் இறங்கி, காலை லேசாக இழுத்தபடி மழையில் நடந்து போனான்.

வின்னி பிறகு மைதானத்துக்குப் போகவே இல்லை. அடுத்த வருடம் ஹார்ன்பெக் இன்னொரு படி கீழே இறங்கியது. அந்த முறை பழி போட ஊருக்கு யாரும் கிடைக்கவில்லை.