மவுண்ட் ரோட்டில் இல்லாத அலுவலகம்

நல்ல கனமான கடிதத்தாள் அது. மேலே நீல எழுத்தில் எங்கள் நிறுவனத்தின் பெயர், அதன் கீழ் மெட்ராஸ் மவுண்ட் ரோட்டில் ஒரு முகவரி. அந்த முகவரியில் எங்களுக்கு ஒரு நாற்காலிகூடக் கிடையாது. அது என் அக்கா கணவரின் டயர் கடை. அப்படி அச்சடிக்கக் கொடுத்த மகானுபாவன் நான்தான்.

1991இல் எங்கள் அலுவலகம் ஸ்ரீபெரும்புதூரில், ஓர் அரிசி ஆலையின் மாடியில் இருந்தது. கட்டடத்தில் கம்பி எங்கே வரவேண்டும், எப்படி வளையவேண்டும் என்று வரைபடம் போட்டுக் கொடுப்பது எங்கள் தொழில். அதை நடத்தியவர் மணிமங்கலத்தைச் சேர்ந்த ஒரு பெண் பொறியாளர். எங்கள் எல்லோருக்கும் அவர் மேடம். உள்ளூர் வேலை வற்றிப்போயிருந்தது. வெளிநாட்டு வேலை பிடித்தால்தான் பிழைப்பு. ஆனால் அந்த மே மாதக் குண்டுவெடிப்புக்குப் பிறகு எங்கள் ஊரின் பெயரை உலகமே வேறொரு காரணத்துக்காகத் தெரிந்துவைத்திருந்தது. ஆவலாக எழுதிக்கொண்டிருந்த சிங்கப்பூர்க்காரர்கள் வாயை மூடிக்கொண்டார்கள். மெட்ராஸ் முகவரி போட்டுக்கொள்ளலாம் என்றேன். “ஊர மறச்சிக்கினு தொழில் பண்ண எனக்கு வராதுப்பா,” என்று மேடம் முடித்துவிட்டார். பினாங்கு நிறுவனம் ஒன்றுக்கு எழுதிய கடிதத்தில் அவர் கையெழுத்து கடைசிப் பக்கத்தில் இருந்தது. நான் முதல் பக்கத்தை மட்டும் அந்த நீல எழுத்துத் தாளில் அடித்து மாற்றி அனுப்பினேன்.

முதலில் அவர்களிடமிருந்து ஒரு மாதிரி வேலை டயர் கடைக்கு வந்தது, நான் போய் எடுத்துவந்தேன். சில வாரங்களில் அவர்களுடைய தலைமைப் பொறியாளரே வந்துவிட்டார். மலேசியத் தமிழர். சொல்லாமல் கொள்ளாமல் டயர் கடை வாசலில் போய் இறங்கியிருக்கிறார். அக்கா கணவர் பதறிப்போய்ப் போன் செய்ய, எடுத்தது மேடம். “அவர கார்ல ஏத்தி இங்கயே அனுப்புங்க,” என்று வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். “இன்னாப்பா பண்ணி வெச்சிருக்க?” அவ்வளவுதான். திட்டித் தீர்த்திருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறியிருக்கும். இந்த வேலை கைநழுவினால் கடையைக் கட்ட வேண்டியதுதான் என்பது மாடியில் இருந்த எல்லோருக்கும் தெரியும்.

வந்தவர் உட்காரவில்லை. “ஆபீஸே பொய்யின்னா உங்க வரைபடத்த எப்படிங்க நம்புறது?” என்றார். மேடம் என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை. “தப்பு எங்களுதுதான், மன்னிச்சிடுங்க. இவ்ளோ தூரம் வந்துட்டீங்க, உங்க வேல எப்படி நடக்குதுன்னு பாத்துட்டாவது போங்க,” என்று அவரைக் கீழே, ஆலையின் நெல் உலர்த்தும் களத்துக்கு அழைத்துப் போனார்.

எங்கள் வழக்கம் அது. எந்த வரைபடமும் முதலில் அந்தக் களத்தில் படுத்து எழுந்துதான் வெளியே போகும். சுண்ணாம்புக் கட்டியால் முழு அளவில் கோடு கிழிப்போம். சிக்கலான இடங்களில் மண்ணூரிலிருந்து வரும் கம்பி மேஸ்திரி நிஜக் கம்பியையே அடுக்கிக் கட்டிப் பார்ப்பார். தாளில் கம்பி வெறும் கோடுதான், அதன் தடிமன் கையில் எடுத்தால்தான் தெரியும். அன்று மேஸ்திரி, தூணும் பீமும் கூடும் இடத்தில் குந்தி உட்கார்ந்து, கம்பிகளின் இடுக்கில் விரலை விட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார். வந்தவர் யாரென்று அவருக்குத் தெரியாது. “இங்க வெரலே பூரல மேடம். ஜல்லி எப்படி எறங்கும்? உள்ள பொந்து வுழும். எவன் போட்ட கணக்கு இது?” என்றார்.

வந்தவர் வெள்ளை பேண்ட்டோடு களத்தில் மண்டியிட்டு, தானும் விரலை விட்டுப் பார்த்தார். “நான் போட்டதுதாங்க,” என்றார்.

சாயங்காலம்வரை அவர் களத்தை விட்டு நகரவில்லை. கிளம்பும்போது வேலையை எங்களுக்கே கொடுத்தார். ஒரே ஒரு நிபந்தனை வைத்தார். பினாங்கில் நாங்கள் ஓர் அலுவலகம் திறக்க வேண்டும், அதற்கும் இதுபோல ஒரு களம் இருக்க வேண்டும். இன்று ஒரகடம் சாலை முழுக்க வெளிநாட்டு நிறுவனங்களின் பெயர்ப் பலகைகள். எங்கள் ஊர்ப் பெயரை அவர்கள் முகவரி அட்டையில் அச்சடித்து நீட்டுகிறார்கள். அதைக் கையில் வாங்கும்போதெல்லாம் எனக்கு மேடத்தை நினைத்து நெஞ்சு நிமிர்கிறது.

பினாங்குக்கு யார் போவது என்று பேச்சு வந்தபோது நான் தலைகுனிந்து பின்னால் நின்றிருந்தேன். வேலை போகாமல் இருந்ததே பெரிது என்று நினைத்திருந்தேன். மேடம் என்னைக் கூப்பிட்டார்.

“இல்லாத ஆபீஸ தொறந்தவன் நீதான? போ, போயி நெஜமா ஒண்ணு தொற.”