பக்கத்து சீட்டில் ஒரு டயர்

போர்ட் பிளேரில் எங்கள் டெய்ரி ஃபார்ம் பகுதி பஸ் ஸ்டாப்பில் நிற்கிற எல்லோருக்கும் மங்கையர்க்கரசியம்மாவின் காரைத் தெரியும். ஒரு காலத்தில் சிவப்பாக இருந்து வெளுத்துப்போன பழைய இங்கிலீஷ் ஸ்போர்ட்ஸ் கார். தரையோடு தரையாகப் போகும். கேன்வாஸ் கூரை. இரண்டே சீட். ஒன்றில் அவர், இன்னொன்றில் நைலான் கயிற்றால் கட்டிய ஸ்டெப்னி டயர். நாம் கை காட்டினால் நிறுத்துவார். "இடமில்லப்பா, டயர் இருக்கு" என்று சொல்லிவிட்டுப் போய்விடுவார். இதைச் சொல்வதற்கா நிறுத்த வேண்டும் என்று எனக்கு எரிச்சலாக வரும்.

நான் எதிர்வீட்டுக்காரன். ஃபீனிக்ஸ் பே ஜெட்டியில் ஃபெரி டிக்கெட் கவுன்டரில் உட்காருகிறேன். அதனால் இந்தக் கதையில் பாதி நான் பார்த்தது, மீதி அவர் சொன்னது.

அந்தக் கார் அவர் கணவர் உதயசூரியனுடைய ஆசை. ஹார்பரில் படகு இன்ஜின் பார்த்துக்கொண்டிருந்தவர். ஊரைவிட்டுப் போன ஒரு மரக் கம்பெனி மேனேஜரிடம் வாங்கினார். சுனாமியன்று கார் ஜங்லிகாட்டில் ஒரு ஒர்க்‌ஷாப்பில் நின்றது. உப்புத் தண்ணீர் புகுந்து எல்லாவற்றையும் அரித்துவிட்டது. மனிதர் இன்ஜினை மீட்டுவிட்டார், சக்கரங்களைத்தான் மீட்க முடியவில்லை. அந்த அளவு டயர் மெயின்லேண்டிலும் கிடைக்கவில்லை. வேறு வழியில்லாமல் பெரிய கார் ஒன்றின் சக்கரங்களைப் பொருந்துகிற மாதிரி செய்து மாட்டினார். நான்கும் உட்கார்ந்துவிட்டன. ஐந்தாவது ஸ்டெப்னி. அது மட்டும் டிக்கிக்குப் பின்னால் இருக்கும் கேரியரில் அடங்கவில்லை. "இப்போதைக்கு சீட்ல கிடக்கட்டும், அப்புறம் பார்த்துக்கலாம்" என்றார். அடுத்த மழைக்காலம் முடிவதற்குள் நெஞ்சுவலியில் போய்ச் சேர்ந்தார். டயர் அங்கேயே கிடந்தது.

பிள்ளைகள் கிடையாது. இந்த அம்மாவுக்கு இருந்த ஒரே ஆள் செல்லம். டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் இருவரும் பக்கத்துப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து ஊராருக்கெல்லாம் லைன் போட்டுக் கொடுத்தவர்கள். பிறகு செல்லத்தை வடக்கே தூரத்து மாயாபந்தருக்கு மாற்றிவிட்டார்கள். அதற்கப்புறமும் தினம் ஒரு பேச்சு, சர்க்கார் லைனில். ரிட்டயர் ஆனதும் அது வாரம் ஒருமுறை ஆனது, பிறகு பண்டிகைக்குப் பண்டிகை ஆனது. போர்ட் பிளேருக்கு வந்து போகச் சொன்னால் செல்லம் சிரிப்பார்: "உன் வண்டியில டயருக்குத்தானே இடம், எனக்கு எங்க இடம்?" மங்கையம்மா இதை விளையாட்டாக எடுத்துக்கொள்ளவில்லை. டயர் இருப்பதால்தான் செல்லம் வரவில்லை என்று நிஜமாகவே நம்பினார். அப்படி நம்புவது அவருக்குச் சௌகரியமாகவும் இருந்திருக்கும்.

ஒருநாள் செல்லம் போன் செய்தார். வீட்டைக் காலி செய்துகொண்டு மெயின்லேண்டுக்கே போகிறாராம். மகள் வீட்டோடு இருக்கப் போகிறாராம். காலையில் ஃபெரியில் ஃபீனிக்ஸ் பே, சாயங்காலம் ஹாடோ துறைமுகத்தில் சென்னைக் கப்பல். நடுவில் ஒரு மத்தியானம்.

மங்கையம்மா அன்றைக்கே மெக்கானிக் முத்துராஜின் ஷெட்டுக்குப் போனார். முத்துராஜ் கச்சால் தீவில் ரப்பர் தோட்டத்தில் வளர்ந்தவன். அவன் அப்பா அம்மா சிலோனிலிருந்து வந்தவர்கள். வாய் கொஞ்சம் நீளம், கை அதைவிட வேகம்.

"இந்த டயரை எப்படியாச்சும் பின்னால மாட்டிக் கொடு."

"இத்தனை வருசமா சீட்ல சும்மாதானே குந்தியிருந்திச்சு, இப்ப என்ன ஜல்தி?"

"சீட்டுக்கு ஆள் வருது."

முத்துராஜ் கேரியரைக் கழற்றிப் பார்த்தான். டயர் அகலம், அதனால் நடு போல்ட் எட்டவில்லை. அழுத்திப் பிடித்தால் டிக்கி மூடியில் உரசுகிறது. படகு இன்ஜினிலிருந்து எடுத்த நீளமான போல்ட் ஒன்றைத் தேடி வந்தான். கேரியருக்கும் சக்கரத்துக்கும் நடுவில் வைக்க படாக் மரத்தில் ஒரு கட்டை செதுக்கினான். முதல் தடவை நம்பர் பிளேட் மறைந்தது. இன்னும் மேலே தூக்கினான். அங்கே உட்கார்ந்துவிட்டது. ஆனால் டயர் டிக்கிக்கு மேலே எழும்பி, பின் ஜன்னல் முழுவதையும் அடைத்துக்கொண்டு நின்றது.

"கண்ணாடியில பின்னால ஒண்ணும் வௌங்காதுக்கா. சைடுல ஒரு கண்ணாடி போட்டுத் தரவா?"

"பின்னால எனக்கு யார் இருக்கா? பக்கத்துல இருக்கிறவளைப் பார்த்தாப் போதும்."

காலியான சீட்டை அவரே சோப்புப் போட்டுத் தேய்த்தார். டயர் பதிந்த வட்டம் மட்டும் போகவில்லை. அதன்மேல் ஒரு துண்டை விரித்தார். கார்பைன்ஸ் கோவ் கடற்கரையில் உட்கார்ந்து சாப்பிடப் புளியோதரை, பிளாஸ்கில் டீ. செல்லம் வருகிற அன்று காலை பஸ் ஸ்டாப்பைக் கடக்கும்போது ஹாரன் வேறு அடித்தார். அந்தச் சந்தோஷத்தை அவர் முகத்தில் நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

ஃபெரி வந்தது. செல்லம் இறங்கினார். அவருக்குப் பின்னால் இரண்டு போர்ட்டர்கள் ஒரு மனிதரைத் தாங்கிக்கொண்டு இறங்கினார்கள். செல்லத்தின் கணவர் பழனிசாமி. பக்கவாதம். ஒரு பக்கம் விழுந்துபோயிருந்தது, பேச்சும் போயிருந்தது. "அவருக்குக் கொஞ்சம் உடம்பு சரியில்ல" என்று மட்டும்தான் செல்லம் போனில் சொல்லியிருந்தார். மங்கையம்மா அவசரமாக நடந்து போனவர் பாதியில் நின்றுவிட்டார்.

செல்லம் மங்கையம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு காரைப் பார்த்தார். "டயரை எடுத்துட்டியா? ரொம்ப நல்லதாப் போச்சு மங்கை. ஆட்டோவுல இவருக்குக் கால் மடங்காது. உன் வண்டியில காலை நீட்டிக்கலாம். ஹாடோ வரைக்கும் இவரை மட்டும் கொண்டுவந்து விட்டுடு. நான் சாமானோட பின்னாடியே ஆட்டோவுல வர்றேன்."

"மத்தியானம்?"

"ஸ்ட்ரெச்சர்ல ஏத்தணுமாம், முன்னாலயே வரச் சொல்லிட்டாங்க."

போர்ட்டர்களோடு நானும் ஒரு கை கொடுத்து பழனிசாமியை அந்தப் பள்ளமான சீட்டில் இறக்கினேன். கால் அழகாக நீண்டுகொண்டது. அவருக்குச் சௌகரியமாகத்தான் இருந்தது. புளியோதரைப் பாத்திரத்தை வைக்க இடமில்லாமல் மங்கையம்மா தன் மடியிலேயே வைத்துக்கொண்டு ஓட்டினார்.

வழியில் பழனிசாமி பயந்துவிட்டார். நல்ல கையால் இவர் தோளைத் தட்டி, "செ... செ..." என்றாராம். பெண்டாட்டி எங்கே என்று கேட்கிறார். மங்கையம்மா கண்ணாடியைப் பார்த்தார். முழுக்கக் கறுப்பு டயர். ஆட்டோ வருகிறதா, லாரிக்குப் பின்னால் மாட்டிக்கொண்டதா, எதுவும் தெரியவில்லை. "வர்றா, பின்னாலயே வர்றா" என்றார். அவர் மறுபடியும் தட்டினார். இவர் மறுபடியும் சொன்னார். ஹாடோ போய்ச் சேரும்வரை தனக்கே தெரியாத ஒன்றைச் சொல்லிச் சொல்லி அந்த மனிதரைச் சமாதானப்படுத்திக்கொண்டிருந்தார். "எனக்கு யாராவது அப்படிச் சொல்ல மாட்டாங்களான்னு இருந்துது" என்று என்னிடம் பிறகு சொன்னார்.

ஆட்டோ வந்தது. ஸ்ட்ரெச்சர் வந்தது. செல்லத்துக்குப் பை எண்ணவும் புருஷனுக்கு வாய் துடைக்கவும்தான் நேரம் இருந்தது. கேட்டுக்குள் நுழைந்த பிறகு திரும்பி ஏதோ கத்தினார். கிரேன் சத்தத்தில் கேட்கவில்லை. புளியோதரையைக் கொடுக்க மறந்துபோனது, டெய்ரி ஃபார்ம் வந்து இறங்கும்போதுதான் மங்கையம்மாவுக்குத் தெரிந்தது.

மறுநாள் முத்துராஜ் ஷெட்டில் கார் நின்றது. நான் பங்ச்சர் ஒட்டக் கொடுத்த ஸ்கூட்டரை எடுக்கப் போயிருந்தேன்.

"கேரியர்லேர்ந்து கழட்டிடு. சீட்லயே வை."

"ஏங்க்கா, நல்லாத்தானே நிக்குது?"

"கண்ணாடியில பின்னால தெரியல."

"அதுக்குத்தான் சைடுல கண்ணாடி போடுறேன்னேன். அரை மணி வேலை."

"வேண்டாம்ப்பா. சீட்லயே இருக்கட்டும்."

முத்துராஜ் என்னைப் பார்த்தான். அவன் படாக் கட்டையைக் கழற்றி அவர் கையில் கொடுத்தான். டயரைத் தூக்கி அந்தப் பழைய வட்டத்தின் மேலேயே வைத்தான். கயிற்றை அவரே கட்டினார். இரண்டு முடிச்சுப் போட்டார்.

அடுத்த நாள் காலை பஸ் ஸ்டாப்பில் நான் மட்டும் நின்றேன். கார் வந்தது. நான் கை காட்டவில்லை. இரண்டு கையும் பாக்கெட்டில்தான் இருந்தன. ஆனாலும் அவர் ஓரம்கட்டி நிறுத்தினார். டயரைத் தாண்டி எட்டி என் முகத்தைப் பார்த்தார்.

"இடமில்லப்பா," என்றார். "டயர் இருக்கு."