எச்சில் கலர்

எனக்கு எழுபத்தெட்டு வயது நடக்கிறது. பெற்றது ஐந்து. தங்கை போனபின் அவள் பிள்ளைகள் இரண்டையும் சேர்த்து வளர்த்தது ஏழு. ஏழு பேரில் ஒருத்தரும் சோற்றுக்காக அடுத்த வீட்டு வாசலில் நின்றதில்லை. இதைப் பெருமையாகத்தான் சொல்கிறேன். என் படிப்பு மூன்றாம் வகுப்போடு நின்றது. எழுத்துக்கூட்டி எழுத வரும், வேகம் வராது. வேகமாக எழுதி எங்கே போகப் போகிறேன்.

இப்போது சொல்ல வந்தது என் இரண்டாவது மகளுக்குக் கலர் வாங்கிய கதை. வாங்கியது என்றால் கடையில் வாங்கியதில்லை. கைநீட்டி வாங்கியது. கைநீட்டி வாங்குவது எனக்குப் பழக்கமில்லாத காரியம், அதனால்தான் இத்தனை வருடம் கழித்தும் மனதில் நிற்கிறது.

எண்பதுகளின் நடுவில் நாங்கள் பீர்மேட்டுப் பக்கம் ஒரு தேயிலை எஸ்டேட்டில் இருந்தோம். வீட்டுக்காரருக்கு ஃபேக்டரியில் வேலை. நான் முதலில் கொழுந்து பறித்தேன், பிறகு துரை பங்களாவில் உள்வேலைக்கு எடுத்துக்கொண்டார்கள். துரை என்றால் வெள்ளைக்காரர் என்று நினைக்க வேண்டாம். அவர்கள் போய் நாளாகியிருந்தது. மானேஜராக வருகிறவர் எந்த ஊர்க்காரரானாலும் எங்களுக்குத் துரைதான், அவர் மனைவி துரைசாணிதான். அப்போது இருந்த துரைசாணிக்கு மங்களூர்ப் பக்கம். தமிழை என்னிடமும் சமையல்காரரிடமும் கேட்டுக் கேட்டுக் கற்றவர், ஆகவே பேசினால் எங்கள் வரிசை வீட்டு லயத்துப் பெண் பேசுகிற மாதிரியே இருக்கும். துரைக்கு அது அவ்வளவாகப் பிடிக்காது.

துரைசாணி படம் வரைவார். மத்தியானம் வராந்தாவில் பலகை போட்டு உட்கார்ந்துவிடுவார். பூ, இலை, எதிர்மலை, எதுவானாலும் தண்ணீரில் கரைக்கிற கலரில்தான். கிண்ணத்துத் தண்ணீர் கலங்கக் கலங்க மாற்றி வைப்பது என் வேலை. அவரிடம் ஒரு வழக்கம் உண்டு. பிரஷ்ஷின் நுனி கூராக நிற்பதற்காக அதை உதட்டில் வைத்து இழுத்துக்கொள்வார். பிறகு அதே பிரஷ்ஷால் கலரைத் தொடுவார். பார்க்கும்போதெல்லாம் எனக்கு என்னவோ போல இருக்கும். சொன்னதில்லை.

என் இரண்டாவது மகளும் வரைவாள். தேயிலைப் பெட்டி உடைந்தால் அந்தப் பலகையைப் பொறுக்கி வந்து கரியால் வரைவாள். அந்த வருடம்தான் அவள் பத்தாவது தேறியிருந்தாள். டிராயிங் டீச்சருக்கென்று அரசாங்கம் ஒரு பரீட்சை வைக்கிறது, அதில் தேறினால் பள்ளிக்கூட வேலைக்குப் போகலாம், இவள் தேறுவாள் என்று அவளுடைய வாத்தியார் சொல்லி அனுப்பினார். அதே சமயம் எஸ்டேட் செக்ரோலில் ஒரு இடம் காலியாக இருந்தது. செக்ரோல் என்பது வேலைக்காரர் பேர்ப்பதிவு. அதில் பேர் ஏறிவிட்டால் முதுகில் கூடை ஏறிவிடும். பிறகு இறங்காது. என் முதுகே சாட்சி. வீட்டுக்காரர் கெட்டவர் இல்லை, ஆனால் வீட்டில் வாய் நிறைய. கங்காணியிடம் பேசி அந்த இடத்தைக் கொஞ்ச நாள் நிறுத்தி வைக்கச் சொல்லிவிட்டு வந்து, எங்களிடம் ஒரே வார்த்தைதான் சொன்னார்.

"ஒருக்க எழுதட்டும். தேறலன்னா கூடையத் தூக்கிட்டுப் போவணும். பெறவு என்னையக் கேக்கப்பிடாது."

பரீட்சைக்குத் தாள் அவர்கள் தருவார்கள். கலரும் பிரஷ்ஷும் நாம் கொண்டுபோக வேண்டும். பள்ளிக்கூடத்துக் கலர் டப்பாவில் எல்லாக் குழியும் தேய்ந்து தகரம் தெரிந்தது. அப்படியிருக்கும்போதுதான் துரைக்கு வேறு எஸ்டேட்டுக்கு மாற்றல் வந்தது.

சாமான் கட்டுகிற அன்று துரைசாணி என்னைக் கூப்பிட்டு மேஜைமேல் இரண்டைக் காட்டினார். ஒன்று புத்தம்புதுத் தகர டப்பா. திறந்தால் வட்ட வட்டமாகப் பன்னிரண்டு கலர், பிள்ளைகள் வரைகிற வில்லைக் கலர். தன் பையனுக்கு வாங்கி அவன் தொடவே இல்லை என்றார். இன்னொன்று அவருடைய பழைய பிஸ்கட் டப்பா. அதற்குள் பிதுக்கிப் பிதுக்கி முறுக்கிக் கிடந்த குழாய்க் கலர். படம் வரைவதையே தொழிலாகச் செய்கிறவர்கள் வாங்குவது அது.

"ஒம் மகளுக்குத்தான் ஆயா. எது வேணுமோ எடுத்துக்க."

நான் புதுசை எடுத்தேன்.

"மககிட்ட ஒரு வார்த்த கேட்டுட்டு எடேன்" என்றார்.

கேட்க என்ன இருக்கிறது, புதுசு புதுசுதானே என்றேன். அந்த பங்களாவில் வேலை பார்த்த நாள் முழுக்க நான் ஒரு பழைய சேலையை வாங்கியதில்லை, மிச்சக் குழம்பை வாங்கியதில்லை. வாயில் வைத்த பிரஷ் தொட்ட கலரையா பிள்ளைக்குக் கொண்டுபோவேன். அன்றைக்கு எனக்கு இருந்த அறிவுக்கு அது சரிதான். இன்றும் அதைத் தப்பென்று சொல்ல மாட்டேன்.

லயத்தில் அந்த டப்பாவைத் திறந்தபோது பிள்ளைகள் எல்லாம் கூடிவிட்டார்கள். மகள் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சம். உடனே வாசலில் உட்கார்ந்து எதிரே தெரிந்த மலையை வரைந்தாள். மழை விட்டுப் பனிமூட்டம் தேயிலைமேல் இறங்கிக்கொண்டிருந்த நேரம். ஈரமாக இருக்கும்வரை படம் நன்றாகத்தான் இருந்தது. காயக் காயச் சாம்பல் பூத்தது. பச்சை செத்துப்போயிற்று. பனிக்கு அவள் வெள்ளை வில்லையைக் கரைத்துப் பூசியிருந்தாள். அது காய்ந்து, சுவரில் சுண்ணாம்பு அடித்த மாதிரி மலைமேல் அப்பிக்கொண்டு நின்றது. அழிக்கப் போனால் சேறு. வேறு தாளில் வரைந்தாள், அதுவும் அப்படியே. அவள் ஒன்றும் குறை சொல்லவில்லை. சோறு தின்னும்போதுதான் மெதுவாகக் கேட்டாள்.

"எம்மா, அந்தம்மா எந்தக் கலர்ல வரைவாக?"

குழாயைப் பற்றிச் சொன்னேன். அதையும் தருவதாகச் சொன்னார்கள், நான்தான் வேண்டாமென்று வந்தேன் என்றும் சொன்னேன். ஏன் என்றாள்.

"ஏட்டி, அது எச்சிலு. வாயில வச்ச பிரஷ்ஷால தொட்டது."

அவள் சிரித்துவிட்டாள். "ஃபேக்டரியில தொரை டீய வாயில ஊத்திக் கொப்புளிச்சுத் துப்பித்தான இது ஒசத்தி, இது மட்டம்ங்காரு. அந்தத் தேயிலைய நாடே குடிக்கு. அது என்னதும்மா?"

வீட்டுக்காரருக்குச் சிரிப்பில் புரையேறிவிட்டது. தலையைத் தட்டிக்கொண்டே, "இத்தன வருசமா அந்தத் துப்புத் தொட்டிய நாந்தான் கழுவுதேன். எனக்குத் தோணல பாரு" என்றார்.

நான் சிரிக்கவில்லை. சாம்பல் பூத்த அந்த இரண்டு படத்தையும் பார்த்தபடி இருந்தேன். உசத்தி, மட்டம் என்றால் எங்களுக்குத் தெரியாததா. நாங்கள் கிள்ளுகிற கொழுந்து எங்கெங்கோ கப்பலில் போகும், எங்களுக்கு வருவது கடைசியில் அள்ளுகிற தூள். டப்பாவின் பளபளப்பில் நான் ஏமாந்திருந்தேன். டப்பா புதுசு, உள்ளே இருந்தது தூள். இதை வைத்துக்கொண்டு போனால் அவள் முதுகுக்குக் கூடைதான் என்று பட்டது.

காலையில் பங்களாவுக்குப் போனேன். முற்றத்தில் லாரி நின்றது. டிரைவர், கிளார்க், தோட்டக்காரர் என்று எல்லோரும் இருந்தார்கள். சாமானெல்லாம் தேயிலைப் பெட்டிகளில் போட்டு ஆணியடித்தாகிவிட்டது. இத்தனை பேர் பார்க்கக் கேட்க வேண்டியிருக்கிறதே என்று இருந்தது. தனியே கூப்பிட்டுக் கேட்கலாம். அது இன்னும் கேவலமாக எனக்குத் தோன்றியது. நேரே போய், "நேத்து வேண்டாம்னேன். இப்ப வேணும்மா, அந்தக் கொழாய்க் கலரு" என்றேன்.

துரைசாணி பெட்டிகளைத் திரும்பிப் பார்த்தார். அது உள்ளே போய்விட்டதே என்றார். துரை கைக்கடிகாரத்தைப் பார்த்து இங்கிலீஷில் என்னவோ சொன்னார். அவருக்கு அந்த அம்மா எங்கள் தமிழிலேயே பதில் சொன்னார்.

"செத்த பொறுங்க, ரெண்டு ஆணிதான."

டிரைவர் ஆணியைப் பிடுங்கினார். துரைசாணி பிஸ்கட் டப்பாவை எடுத்துக்கொண்டு வாசற்படியில் உட்கார்ந்தார், என்னையும் பக்கத்தில் உட்காரச் சொன்னார். ஒவ்வொரு குழாயாக எடுத்து வெளிச்சத்தில் பார்த்து, சிலதை எனக்குத் தந்து சிலதைத் திரும்ப உள்ளே வைத்தார். சிவப்பு, நீலம், மஞ்சள், ஒரு காவி. கூட ஒரு பிரஷ். அவ்வளவுதான்.

"நீ நேத்து வேண்டாம்னதும் எனக்கு உள்ளுக்குள்ள சந்தோசம் ஆயா. இப்பப் பாதிதான் தருவேன். எனக்கும் வேணும்ல."

அந்த வார்த்தைக்குத்தான் நான் இன்றுவரை நன்றி சொல்கிறேன். வேண்டாததைத் தூக்கிக் கொடுப்பது வேறு, தனக்கு வேண்டியதில் பங்கு கொடுப்பது வேறு. மிச்சத்தை வாங்கினோம் என்ற எண்ணம் எனக்கு வராமல் செய்துவிட்டார். தெரிந்து செய்தாரா, உண்மையிலேயே அவருக்கும் கலர்மேல் ஆசையா, தெரியாது. இரண்டும் இருக்கலாம்.

வெள்ளை இல்லையே என்று கேட்டேன். தாளே வெள்ளைதானே, பனிக்குத் தாளை அப்படியே விட்டுவிடச் சொல் என்றார். லாரி போய்விட்டது. பிறகு அவரை நான் பார்க்கவில்லை.

குழாய்க் கலரை என்ன செய்வது என்பதில் எனக்கும் மகளுக்கும் சண்டை. பரீட்சைவரை அதைத் தொடாதே, வில்லையில் வரைந்து பழகு என்பது என் பேச்சு. அவள் கேட்கவில்லை. கை பழகாமல் அங்கே போய்த் திறந்தால் அது புது மாடு மாதிரி முரண்டு பிடிக்கும் என்றாள். கடைசியில் போட்டுப் பழகுவதற்கு வில்லை, முடிக்கிற படத்துக்குக் குழாய் என்று ஒத்துக்கொண்டோம். மிளகு அளவு பிதுக்குவாள். அதில் பாதித் தாள் நிறையும், காய்ந்தபிறகும் ஈரத்தில் இருந்த நிறம் அப்படியே நிற்கும். அவள் ஒவ்வொரு முறை பிதுக்கும்போதும் என் வயிற்றைப் பிதுக்குகிற மாதிரி இருக்கும். வேறு பக்கம் திரும்பிக்கொள்வேன்.

பரீட்சை எழுதப் பாலக்காட்டைக் கேட்டு வாங்கினோம், தங்குவதற்கு இடம் இருந்ததால். வீட்டுக்காரரின் தங்கை பாலக்காட்டுக்குக் கிழக்கே வாழ்க்கைப்பட்டிருந்தாள். அந்தப் பக்கமெல்லாம் கோயமுத்தூர்ப் பேச்சு. போய்ச் சேர்ந்த சில வருடங்களில் அவளுக்கும் அது தொற்றிவிட்டது. பஸ் மாறி மாறிப் போய்ச் சேர்ந்தபோது வாசலிலேயே பிடித்துக்கொண்டாள்.

"வாங்க அண்ணி. ஏனுங்க, மலையில சோறே போடறதில்லீங்களா? புள்ள இப்புடி ஒணந்து கெடக்குது."

அங்கே என்ன வெயில், என்ன காற்று. மலையில் துவைத்த துணி வாரக்கணக்கில் காயாது, இங்கே கொடியில் போட்டுத் திரும்புவதற்குள் மொடமொடத்தது. பரீட்சைக்கு முதல்நாள் மகள் கையைப் பார்த்துக்கொள்ள உட்கார்ந்தாள். சற்று நேரத்தில் முகம் வெளுத்து என்னிடம் வந்தாள்.

"எம்மா, இங்க கலர் ஓட மாட்டேங்கு. வச்ச எடத்துலயே காஞ்சிருது."

எங்கள் பனியில் பழகிய கை அது. அங்கே ஒரு இழுப்பு இழுத்தால் அது பாட்டுக்கு மெதுவாகப் பரவும். இங்கே இழுத்த கோடு வடுவாக நின்றது. எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. உசத்திக் கலரும் கைவிட்டதே என்று உட்கார்ந்துவிட்டேன். நாத்தனார்தான் கொல்லையிலிருந்து வந்து எட்டிப் பார்த்தாள். அவர்கள் வீட்டில் வெற்றிலைக் கொடிக்கால் உண்டு.

"தாளுக்கு அடியில ஈரத்துண்டு விரிச்சுப் பாரு கண்ணு. வெத்தலய நாங்க அப்புடித்தான் வாடாம வெச்சிருக்கறோம்."

ஒரு தோர்த்தை நனைத்துப் பிழிந்து பலகைமேல் விரித்து, அதன்மேல் தாளை வைத்தாள் மகள். தாள் நின்று ஈரம் குடித்தது. கலரைத் தொட்டு வைத்தாள். அது மெல்ல நடக்க ஆரம்பித்தது. நான் நாத்தனாரின் கையைப் பிடித்துக்கொண்டேன். விடுங்க அண்ணி, அடுப்புல சோறு கொதிக்குது என்று உதறிவிட்டுப் போனாள்.

பரீட்சை நடந்த பள்ளிக்கூடத்துக்கு வெளியே ஒரு புளியமரத்தடியில் நானும் நாத்தனாரும் காத்திருந்தோம். அவள் கடலை உரித்துத் தந்துகொண்டே இருந்தாள், நான் மடியில் சேர்த்துக்கொண்டே இருந்தேன். வெளியே வந்த மகள் கைவிரலெல்லாம் நீலம். தெரிந்த ஒரு இடத்தை வரையச் சொன்னார்களாம். மேற்பார்வையாளர் வந்து தோர்த்தின் ஓரத்தைத் தூக்கிப் பார்த்துவிட்டு, இருக்கட்டும் என்று போனாராம். நம் மலையைத்தான் வரைந்தாயா என்றேன். ஆமாம் என்றாள். பனி எப்படி வந்தது என்றேன்.

"பனிய வரையலம்மா. விட்டுட்டேன்."

ஊருக்குத் திரும்பி மழைக்காலமும் பிறந்துவிட்டது. புதுத் துரை வீட்டார் தங்கள் ஆளையே கூட்டி வந்ததால் நான் மறுபடி கொழுந்துக்குப் போய்க்கொண்டிருந்தேன். கங்காணி, இடத்தை இனி நிறுத்த முடியாது, திங்கட்கிழமை பிள்ளையை அனுப்பு என்று சொல்லிவிட்டார். அவளும் கொழுந்துக்குப் போர்த்துகிற என் பழைய கம்பளியை எடுத்து அடுப்புக்கு மேல் கொடியில் போட்டாள். அந்த வாரம்தான் பரீட்சை முடிவு வந்தது. தேறிவிட்டாள்.

மறுநாள் காலை நாங்கள் எல்லாம் கூடையோடு பேர் கொடுக்க வரிசையில் நின்றோம். வீட்டுக்காரருக்கு அங்கே வேலை இல்லை, ஃபேக்டரி வேறு திசை. ஆனாலும் வந்தார். கங்காணியிடம் போய், பக்கத்தில் நிற்பவரிடம் பேசுவதற்கு வேண்டியதைவிடப் பெரிய சத்தத்தில் சொன்னார்.

"எம் மகளுக்கு வச்சிருந்த எடத்த வேற புள்ளைக்குக் குடுத்துருங்க. அவ டீச்சர் வேலைக்குப் போறா."

வரிசை முழுக்கத் திரும்பிப் பார்த்தது. அவர் என்னைப் பார்க்காமல் ஃபேக்டரிப் பக்கம் நடந்து போனார். அந்த மனிதருக்கும் நான் கடமைப்பட்டவள். ஒருக்க எழுதட்டும் என்று சொல்ல எங்கள் லயத்தில் எத்தனை தகப்பன்மாருக்கு மனம் வந்தது.

அவள் கம்பம்மெட்டுப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் டிராயிங் டீச்சராகச் சேர்ந்தாள். அவள் சம்பளத்தில் அவளுக்குக் கீழே இருந்ததெல்லாம் படித்து மேலே வந்தது. நான் யார் யாருக்கோ நன்றி சொல்ல வேண்டும். மங்களூர்க்கார அம்மா எங்கே இருக்கிறாரோ. நாத்தனார் இருக்கிறாள், சொன்னால் உதறிவிட்டுப் போவாள். அதனால் எழுதி வைக்கிறேன்.

எழுதி முடித்துவிட்டேன், கை வலிக்கிறது. ஏ புள்ள, பேத்தி, அந்த ஃபோனைக் கீழே வை. இதை எடுத்து முதலிலிருந்து சத்தமாக வாசி. எழுத்துப் பிழை இருந்தால் பிறகு திருத்தலாம், இப்போது நிறுத்தாதே. நான் கண்ணை மூடிக்கொண்டு கேட்கிறேன், தூங்குகிறேன் என்று நினைத்துக்கொண்டு பாதியில் விட்டுவிட்டுப் போய்விடாதே.