குழப்படிக்காரருக்கு இனிப்பு

எனக்கு வாய் சும்மா இருக்காது. எதைப் படித்தாலும் அன்றைக்கே யாருக்காவது சொல்லிவிட வேண்டும், இல்லாவிட்டால் சோறு இறங்காது. மனைவி இதை வியாதி என்பாள். அந்த வியாதிக்குத் தீனி போட்டது என் வேலைதான். இரண்டாயிரத்தின் தொடக்க வருடங்களில் நாங்கள் குடியேறிய பிரெஞ்சு பேசும் நகரத்தின் டோர்வல் விமான நிலையத்தில், விமானங்களுக்குச் சாப்பாடு தயாரிக்கும் இடத்தில் தட்டு அடுக்கிக்கொண்டிருந்தேன். அமெரிக்காவுக்குப் போகும் தட்டுகளுக்கு மாதம் ஒரு கோலம் உண்டு. நவம்பரில் வான்கோழி, ஒக்டோபர் கடைசியில் பூசணிக்காய்ப் படம் போட்ட கைதுடைக்கும் தாள். ஏன் பூசணிக்காய் என்று மேற்பார்வையாளரைக் கேட்டேன். அடுக்குகிற வேலையைப் பார் என்றார்.

வீம்புக்கு நூலகம் போனேன். செயின்ட்-மிஷேல் நூலகத்தின் சிறுவர் பகுதி. என் ஆங்கிலத்துக்கு அங்கேயுள்ள பெரிய எழுத்துப் புத்தகங்கள்தான் தோது. முழங்கால் நெஞ்சில் முட்டுகிற சின்னக் கதிரையில் இருந்து படிப்பேன். அமெரிக்காவில் முதலில் குடியேறிய பக்திமான்களில் சிலர் கிறிஸ்மஸ் கொண்டாடியவர்களிடம் தண்டம் அறவிட்டார்கள் என்பதை அங்கேதான் அறிந்தேன். அதை நத்தார்ப் பூசைக்கு வந்தவர்களிடம் சொல்லி நன்றாக ஏச்சு வாங்கியும் கட்டினேன்.

எங்கள் வீட்டின் மேல்மாடியில் அக்கா தனியாக இருந்தார். அத்தான் மன்னாரிலேயே காலமாகிவிட்டார். ஒரே மகன் பதினேழு வயதில் இராணுவச் சோதனைச் சாவடியில் பஸ்ஸிலிருந்து இறக்கப்பட்டான். பஸ் போனது, அவன் வரவில்லை. எந்தக் காகிதமும் வரவில்லை, எந்தச் செய்தியும் வரவில்லை. அக்கா அவனைப் பற்றிக் கதைக்கும்போது அடுத்த அறையில் படுத்திருக்கிற பிள்ளையைப் பற்றிக் கதைப்பதுபோல் இருக்கும்.

நவம்பர் இரண்டாம் திகதி எங்களுக்கு மரித்தவர்களின் நாள். அதற்கு முதல் கிழமை ஒவ்வொரு வீட்டிலும் இறந்தவர்களின் பெயர்களைத் தாளில் எழுதி, உறையில் போட்டுக் கோவிலில் கொடுப்போம். பீடத்தில் வைத்து அவர்களுக்காகச் செபிப்பார்கள். அக்காவின் தாளை எழுதுவது நான். அம்மா, அப்பு, அத்தான் என்று சொல்லிக்கொண்டு வருவார். அத்தானோடு நிறுத்திவிடுவார். நானும் பேனையை மூடிவிடுவேன்.

ஆனால் அதற்கு இரண்டு நாள் முந்தி வரும் ஹலோவீன் என்றால் அக்கா வேறு ஆள். வேஷம் போட்ட பிள்ளைகள் எங்கள் வளைந்த இரும்புப் படிகளில் தடதடவென்று ஏறி வருவதைக் கேட்க அவருக்கு அவ்வளவு ஆசை. மற்ற வீடுகளில் ஒரு இனிப்பு என்றால் அவர் கைநிறைய அள்ளிப் போடுவார். தெரிந்த ஒரே பிரெஞ்சுச் சொல்லால் ஒவ்வொரு பேய்க்கும் பொன்ஜூர் என்று வணக்கம் சொல்வார்.

அந்த வருடமும் ஒரு கிழமை முன்னதாகவே இருவரும் மேசையில் இருந்து சொக்லேட் பொட்டலம் கட்டிக்கொண்டிருந்தோம். என் வாய் திறந்தது. இந்தப் பழக்கம் எங்கிருந்து வந்தது தெரியுமோ என்று தொடங்கினேன். அந்தக் காலத்தில் ஐரோப்பாவில் ஏழைகள் இதே நாட்களில் வீடு வீடாகப் போய் ரொட்டி கேட்பார்கள். ரொட்டி தந்த வீட்டில் செத்தவர்களின் ஆன்மா கரைசேரச் செபிப்பார்கள். அயர்லாந்தில் கிழங்கைக் குடைந்து விளக்கு வைத்தார்கள், பஞ்சத்தில் கப்பலேறி அமெரிக்கா வந்தவர்களுக்கு இங்கே பூசணிக்காய் கிடைத்தது. நான் பூசணிக்காய்க்கு வந்துவிட்டேன். அக்கா ரொட்டியிலேயே நின்றுவிட்டார்.

"அப்ப இது செத்த ஆக்களுக்காகக் குடுக்கிறதோ?"

தொடக்கத்தில் அப்படித்தான் என்றேன், பரீட்சையில் சரியான விடை சொன்னவனைப் போல. அக்கா, கட்டிய பொட்டலங்களை ஒவ்வொன்றாக அவிழ்த்து, சொக்லேட்டைப் பைக்குள் திரும்பப் போட்டு, என் கையில் தந்தார். செத்தவர்களுக்கென்றால் அவரால் கொடுக்க ஏலாதாம். நானே கொண்டுபோய்க் கொடுக்கட்டுமாம்.

கீழே வந்து சொன்னபோது மனைவி என்னைத் திட்டவில்லை. அதுதான் இன்னும் சுட்டது. ஒரு தாய் வருடத்தில் ஒரு நாள் சிரிப்பதை என் ஓட்டை வாய் கெடுத்துவிட்டதே என்று எனக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. அந்தக் கிழமை முழுக்க வேலை முடிந்து நேரே நூலகம்தான். பொய் சொல்லி ஆற்ற மனம் வரவில்லை, அக்கா கண்டுபிடித்தும்விடுவார். இருப்பதில் வேறு ஏதாவது தட்டுப்படாதா என்று தேடினேன். தட்டுப்பட்டது.

முப்பத்தோராம் திகதி பொழுதுபடும் நேரம் சொக்லேட் பையோடு மேலே போனேன். வாசல் விளக்கை அணைத்துவிட்டு அக்கா குசினியில் சமையல் மேசையடியில் இருந்தார். படியேறி வந்த பிள்ளைகள் இருட்டைப் பார்த்துவிட்டு இறங்கிப் போகும் சத்தம் எங்களுக்குக் கேட்டது.

நான் நின்றபடியே சொன்னேன். அமெரிக்காவில் இந்த வழக்கம் பரவியதற்கு இன்னொரு கதையும் இருக்கிறது. அங்கே சின்ன ஊர்களில் இந்த நாளில் பெடியங்களின் அட்டகாசம் தாங்க முடியாதாம். வேலிப் படலையைக் கழற்றிக்கொண்டு போவார்கள், யன்னல் கண்ணாடியில் சோப்புப் பூசுவார்கள், வண்டிலைக் கூரையில் ஏற்றி வைப்பார்கள். அடித்துப் பார்த்தும் அடங்கவில்லை. கடைசியில் சனங்கள் வீட்டுக்குள் கூப்பிட்டு இனிப்புக் கொடுத்துத்தான் அவர்களை அடக்கினார்களாம்.

அக்கா நிமிர்ந்து பார்த்தார்.

"குழப்படிக்குக் குடுத்ததோ?"

"ஓம் அக்கா. குழப்படிக்காரருக்குத்தான்."

அவர் முகம் இளகியது. தன்ரை மகன் ஒருநாள் நடு மத்தியானத்தில் கோவில் மணியை அடித்து, யாரோ செத்துப்போனாரென்று ஊரே ஓடிவந்த கதையைச் சொன்னார். அடிக்கத் தடியெடுத்த சுவாமியாருக்கே சிரிப்பு வந்துவிட்டதாம். சொல்லி முடித்ததும் கொஞ்ச நேரம் மேசையைத் தடவிக்கொண்டிருந்தார்.

"ரெண்டு கதையும் உண்மையோடா?"

முதல் கதை பொய் என்று சொல்லிவிட்டால் என்ன என்று ஒரு கணம் நினைத்தேன். முடியவில்லை.

"ரெண்டும் உண்மைதான்."

படிகளில் திரும்பவும் தடதடவென்று கேட்டது. அக்கா எழுந்து என் கையிலிருந்த பையை வாங்கினார்.

"இருந்தானெண்டால் அவன்ரை குழப்படிக்கு. இல்லாட்டி மற்றதுக்கு" என்று சொல்லிக்கொண்டே விளக்கைப் போட்டுக் கதவைத் திறந்தார். இத்தனை வருடத்தில் 'இல்லாட்டி' என்று அவர் சொல்லி நான் கேட்டது அன்றுதான். வாசலில் மூன்று குட்டிப் பேய்கள் பையை விரித்துக்கொண்டு நின்றன. அக்கா பொன்ஜூர் சொல்ல வாயெடுத்தார், குரல் வரவில்லை. அவருக்காக நான் சொன்னேன்.