என் பெயரில் விழுந்த ஏழு கோல்கள்

வங்கியில் அந்தப் பெண் பசைப் புட்டியை என் பக்கம் தள்ளினாள். விவரங்களைப் புதுப்பிக்க வேண்டும், புதிய படம் கொண்டுவாருங்கள் என்று அவர்களே அழைத்திருந்தார்கள். கோப்பில் ஏற்கெனவே ஒட்டியிருந்த படத்தில் எனக்குத் தலை நிறைய முடி. "ஹளே போட்டோ மேலேயே ஒட்டிடுங்க சார், பர்வாயில்ல" என்றாள். மைசூரில் என் தமிழுக்குத் தமிழிலேயே பதில் சொல்ல முனைகிறவர்கள், நடுவில் 'பழைய' என்பது போல ஒரு சொல்லைக் கன்னடத்திலேயே விட்டுவிடுவார்கள். அவள் மேசையோரத்தில் காலையில் கொளுத்திய ஊதுபத்தி முக்கால்வாசி சாம்பலாகி நின்றது. பசையின் புளித்த வாடையும் ஊதுபத்திப் புகையும் ஒன்றாக என் மூக்கில் ஏறின. தனித்தனியாக வந்தால் இரண்டையும் பொறுத்துக்கொள்வேன். சேர்ந்து வந்தால் எனக்கு ஒரு ஆளை அடிக்க வேண்டும்.

அந்த ஆள் இப்போது எங்கே இருக்கிறார் என்று தெரியாது. இருந்தால் எண்பதை நெருங்கியிருப்பார். எண்பது வயதுக்காரரை அடிக்கலாமா என்று கேட்காதீர்கள். நான் அடிக்க நினைப்பது தொண்ணூறுகளின் நடுவில் நீலச் சஃபாரி சட்டையோடு நிற்கும் நாற்பத்தைந்து வயதுக்காரரை. அவருக்கு வயதே ஆகவில்லை.

சொன்னால் சிரிப்பீர்கள், நான் கால்பந்து ஆடிச் சம்பளம் வாங்கியவன். நாலு கிளி ஊதுபத்தி என்று ஒரு கம்பெனி. அதன் முதலாளி வியாபார விஷயமாகக் கல்கத்தா போனவர், அங்கே ஒரு ஆட்டத்துக்கு லட்சம் பேர் கத்துவதைப் பார்த்துவிட்டு வந்து எங்களைச் சேர்த்தார். இரண்டாம் டிவிஷன், பதினாறு பேர், கிளிப்பச்சைச் சட்டை. இரண்டே பருவம் உயிரோடு இருந்த கிளப். காலையில் மலையடிவாரத்து மைதானத்தில் பயிற்சி, மதியம் பாக்கிங் செக்‌ஷனில் வேலை. சம்பள ரிஜிஸ்டரில் நாங்கள் ஆட்டக்காரர்களே இல்லை, பொட்டலம் கட்டுகிறவர்கள். வியர்த்தால் எங்கள்மேல் சந்தனம் மணக்கும். எங்களை மறித்து ஆடுவது கர்ப்பக்கிருகத்துக்குள் நிற்பது மாதிரி இருக்கிறது என்று எதிரணிப் பின்காப்பாளன் ஒருவன் நடுவரிடம் புகாரே செய்தான். பந்தைத் தவறவிட்டால் கூட்டத்திலிருந்து "கிணி, ஹாரு" என்று ஒரு குரல் வரும். கிளியே, பற. நான் நிறைய முறை பறந்திருக்கிறேன்.

நான் வலது ஓர முன்கள ஆள். வேகம் உண்டு, வேறெதுவும் இல்லை. சில நேரம் பந்தையே முந்திக்கொண்டு கோல் கம்பம் வரை ஓடிவிட்டுத் திரும்பிப் பார்ப்பேன்; பந்து பாவமாக அங்கேயே கிடக்கும்.

பாக்கிங் செக்‌ஷனில் ஒரு வழக்கம் இருந்தது. ஊதுபத்தி விலை ஏறினால் பழைய டப்பாக்களை எறியமாட்டார்கள். பழைய சீட்டின் மேலேயே புதுச் சீட்டை ஒட்டிவிடுவார்கள். மைதா மாவில் மயில்துத்தம் போட்டுக் காய்ச்சிய பசை, பெரிய அலுமினியச் சட்டியில் இருக்கும். ஒரே டப்பாவில் மூன்று விலைகள் ஒன்றன்மேல் ஒன்றாகப் படுத்திருக்கும். விரலை ஈரமாக்கி ஓரத்தைத் தேய்த்தால் மேல்சீட்டு சுருண்டு எழுந்துகொள்ளும், அடியில் போன வருடம் தெரியும். மதியத் தூக்கம் வரும்போதெல்லாம் நான் செய்த விளையாட்டு அது. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

இரண்டாவது பருவம் தொடங்கும்போது முதலாளி எங்களை வரிசையாக நிறுத்திச் சொல்லிவிட்டார்: முதல் டிவிஷனுக்கு ஏறினால் பதினாறு பேருக்கும் நிரந்தர வேலை, ஏறாவிட்டால் கிளப்பே கிடையாது. அந்த வாரமே செக்ரட்டரி பெங்களூரிலிருந்து ஒரு பையனைக் கூட்டிவந்தார். நான் அடிக்க நினைக்கும் நீலச் சஃபாரி இந்தச் செக்ரட்டரிதான். பையன் பெயர் செல்வா, ஆஸ்டின் டவுன்காரன், என் வயது. அங்கே ஒரு பெரிய கிளப் அவனிடம் கையெழுத்து வாங்கிக்கொண்டு, அவனை ஆடவிடாமல் பெஞ்சில் உட்காரவைத்திருந்தது. ஒரே பருவத்தில் இரண்டு கிளப்புக்கு ஆடக் கூடாது என்பது விதி. ஆகவே அவன் சொந்தப் பெயரில் எங்களுக்கு ஆட முடியாது. வேறு யார் பெயராவது வேண்டும்.

செக்ரட்டரி என் பதிவு அட்டையை எடுத்தார். பசைச் சட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார். என் படத்தைக் கிழிக்கப் பார்த்தார், அது வரவில்லை. கம்பெனி வழக்கப்படி அதன் மேலேயே செல்வாவின் படத்தை ஒட்டினார். படத்தின் மூலையில் விழுந்திருந்த ஊதா முத்திரையின் கால்வட்டத்தை, நாக்கைக் கடித்துக்கொண்டு பால்பாயிண்ட் பேனாவால் வரைந்தார். இதெல்லாம் என் கண்ணெதிரே. "எரடே மேட்ச், கணோ" என்றார் என்னிடம். இரண்டே ஆட்டம்தானாம்.

என் பெயரை இங்கே எழுதப்போவதில்லை. அதை ஒருவன் போதுமான அளவு உபயோகித்துவிட்டான்.

இரண்டு மூன்றாயிற்று, மூன்று எட்டாயிற்று. ஆட்டத்துக்கு முன் தாளில் கையெழுத்துப் போட வேண்டும் என்பதால் செல்வா என் கையெழுத்தைப் பழகினான். ஒரு மதியம் ஊதுபத்தி டப்பாவின் பின்புறம் முழுக்க என் பெயரை எழுதிக்கொண்டு வந்து காட்டினான். "கடைசி எழுத்துல ஒரு சுழி போடுறியே மச்சி, அது எப்டி?" நான் சொல்லிக்கொடுத்தேன். இன்றைக்கும் காசோலையில் அந்தச் சுழி வரும்போது பேனா ஒரு கணம் நின்றுதான் நகர்கிறது.

என் அப்பா மார்டள்ளிக்காரர்; கொள்ளேகால் பக்கத்துத் தமிழ்க் கிறிஸ்தவ ஊர். நஞ்சன்கூட்டில் ஒரு மில்லில் லேத் ஆபரேட்டர். தினமும் மீட்டர்கேஜ் ரயிலில் போய்வருவார். கன்னடத்தை எழுத்துக்கூட்டித்தான் படிப்பார். சாயங்காலப் பேப்பரில் ஆறு வரியில் எங்கள் ஆட்டம் வரும், அதில் என் பெயர் வரும், கோல் அடித்ததாக வரும். அப்பா அதைக் கத்தரித்து ரயில் பாஸ் உறைக்குள் வைத்துக்கொண்டார். டிக்கெட் பரிசோதகர் பாஸ் கேட்டால் முதலில் வெளியே வருவது நான்தான். அந்தப் பெட்டி முழுக்க என் ஐந்தாவது கோல் தெரியும். மூலையிலிருந்து வந்த பந்து, தலையால் முட்டியது. அப்பா அதை ரயிலில் உட்கார்ந்தபடியே முட்டிக்காட்டுவாராம்.

நானோ ஆட்ட நாளில் மைதானத்துப் பக்கம் தலைகாட்டக் கூடாது என்று உத்தரவு. பூட்ஸ் பையோடு வீட்டைவிட்டுக் கிளம்பி ஏரிக்கரையில் உட்கார்ந்திருப்பேன். ஆட்டம் முடியும் நேரத்துக்குப் பூட்ஸைச் சேற்றில் தோய்த்துக்கொண்டு திரும்புவேன். அம்மா நர்ஸ். காயத்தைப் படிக்கத் தெரிந்தவள். ஒருநாள் என் காலைப் பார்த்துவிட்டு, "இத்தனை கோலு போட்டவனுக்கு முட்டில ஒரு சிராய்ப்பு கூட இல்லியே" என்றாள். நான் எழுந்து போய்ச் சுவரில் முட்டியைத் தேய்த்துக்கொண்டு வந்தேன். உண்மையாகத்தான்.

வன்மம் ஒரு நல்ல பயிற்சியாளர், நண்பரே. அந்தப் பருவத்தில் நான் ஓடிய ஓட்டத்தை அதற்குமுன் ஓடியதில்லை. ஏரியைச் சுற்றி ஓடிக்கொண்டே செல்வாவின் கணுக்கால் முறிய வேண்டும் என்று ஜெபிப்பேன். ஞாயிற்றுக்கிழமை கோயிலில் முழங்காலிட்டும் அதே ஜெபம். செக்ரட்டரிக்கு என்ன நேர வேண்டும் என்று மட்டும் முடிவு செய்ய முடியவில்லை. எதுவும் போதுமானதாகத் தோன்றவில்லை. செல்வா நன்றாக ஆடினான் என்பதுதான் இதில் பெரிய அவமானம். என் கால்களைவிட அவன் கால்களில் என் பெயர் சௌக்கியமாக இருந்தது.

ஏழு கோல். கடைசி ஆட்டம். டிரா செய்தாலே முதல் டிவிஷன். அன்று அப்பா என்னிடம் சொல்லாமல் லீவு போட்டுவிட்டு ரயில் சிநேகிதர்கள் ஆறு பேரோடு மைதானத்துக்கு வந்துவிட்டார். நான் உத்தரவை மீறிக் கூட்டத்தில் தலையில் துண்டு போட்டு நின்றிருந்தேன். தூறல். எனக்கு நாலு வரிசைக்கு முன்னால் அப்பாவின் வழுக்கை நனைந்துகொண்டிருந்தது. ஒலிபெருக்கியில் என் பெயரைச் சொன்னார்கள். ஆறு பேரும் கை தட்டினார்கள். அப்பா எழுந்து நின்று வலது ஓரத்தைப் பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தார். ஒரு சிநேகிதர், "உம் பையன் கறுப்பால்ல இருப்பான், இவன் செவப்பா இருக்கானே" என்றார்.

"நம்ம பையன்தான். தூரத்துல அப்படித் தெரியுது" என்றார் அப்பா.

அவர் என்னைத் தேடியிருந்தால் தாங்கியிருப்பேன். திட்டியிருந்தாலும் தாங்கியிருப்பேன். வாழ்நாளில் லேத்தில் ஒரு நூலிழை அளவைக்கூடக் கூட்டிச் சொல்லாத மனிதர் எனக்காகப் பொய் சொன்னார்.

இடைவேளை விசில் ஊதியதும் நான் மேட்ச் கமிஷனரின் மேசைக்கு நடந்தேன். மேசைக்குப் பின்னால் மூக்குக்கண்ணாடி போட்ட ஒரு வயதானவர், முன்னால் மழைக்கு பாலிதீன் போர்த்திய அட்டைகள். யார் நீ என்று கேட்டார். பெயரைச் சொன்னேன். அவன் அங்கே ஆடிக்கொண்டிருக்கிறானே என்றார். நான் வாதாடவில்லை. அட்டையைக் கேட்டு வாங்கினேன், கட்டைவிரலை நாக்கில் நனைத்தேன், படத்தின் ஓரத்தைத் தேய்த்தேன். மதியத் தூக்க விளையாட்டு. செல்வாவின் முகம் மெல்லச் சுருண்டு எழுந்தது. அடியில், மைதா படிந்து, ஒரு கண் மங்கி, நான்.

பக்கத்தில் செக்ரட்டரி நின்றிருந்தார். அவர் முகத்தை நான் வர்ணிக்கப்போவதில்லை. அது எனக்கே எனக்கு. இத்தனை வருடங்களாகச் செலவழித்தும் தீரவில்லை.

மைதானத்தில் செல்வா ஓடவில்லை. குனிந்து பூட்ஸ் கயிற்றை அவிழ்க்க ஆரம்பித்தான். நான் கூட்டத்தைத் திரும்பிப் பார்த்தபோது அப்பா நின்ற இடம் காலியாக இருந்தது.

ஆட்டம் எதிரணிக்குப் போயிற்று. செல்வாவுக்கு இரண்டு வருடத் தடை. முதலாளி சொன்ன சொல் தவறாதவர், அந்த மாதமே கிளப்பை மூடினார். என்னையும் சேர்த்துப் பதினாறு பேருக்கு வேலை போயிற்று. கோல்கீப்பர் கொள்ளேகாலுக்கே திரும்பித் தறியில் உட்கார்ந்தான். ஊருக்குக் கிளம்புமுன் என் வீட்டு வாசலில் நின்று, உள்ளே வராமல், காறித் துப்பிவிட்டுப் போனான். நான் வருந்தினேனா என்றால், அவனுக்காக வருந்தினேன். செக்ரட்டரிக்காக அரை நிமிடமும் இல்லை. பல வருடங்கள் மளிகைக் கடைகளில் நாலு கிளி டப்பாவைக் கண்டால் கடைக்காரர் பார்க்காத நேரம் கிளிகளைத் தலைகீழாகத் திருப்பி வைத்துவிட்டு வருவேன். யானையைக் கொல்ல எறும்பு எடுத்த சபதம்.

இப்போது திருப்பி வைக்க டப்பா இல்லை. கம்பெனி இருந்த இடத்தில் கார் ஷோரூம். மைதானத்தில் அடுக்குமாடிகள்; வலது ஓரம் எது என்று வாட்ச்மேனுக்குத் தெரியாது. சாயங்காலப் பேப்பர் நின்றுபோயிற்று, மீட்டர்கேஜும் போயிற்று, அப்பாவும் போய்விட்டார். அந்த ஆட்டத்தைப் பற்றி அவர் என்னிடம் ஒரு சொல்லும் பேசவில்லை, பாஸ் உறையிலிருந்து அந்தக் காகிதங்களை எடுக்கவும் இல்லை. உறை இப்போது என்னிடம். ஏழும் உள்ளேயே இருக்கின்றன. வங்கிப் பெண் சொன்னதை நான் கேட்கவில்லை. பழைய படத்தை நகத்தால் துளித்துளியாகச் சுரண்டி எடுத்துவிட்டுத்தான் புதியதை ஒட்டினேன். வரிசையில் நின்றவர்கள் முணுமுணுத்தார்கள்.

கிளப் மூடிய வாரம் செல்வா பெங்களூர் கிளம்பினான். நான் வழியனுப்பப் போகவில்லை, அவன் தோற்றுப்போவதைப் பார்க்கத்தான் பஸ் ஸ்டாண்டுக்குப் போனேன். பூட்ஸைக் கழுத்தில் மாலைபோலத் தொங்கவிட்டு ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தான். என்னைப் பார்த்ததும் எழுந்து வந்து அடிப்பான் என்று எதிர்பார்த்து, அதற்காகவே ஒரு பதிலடியைத் தயார் செய்து வைத்திருந்தேன். அவன் சும்மா நகர்ந்து உட்கார்ந்து கம்பி வழியாகக் கேட்டான்.

"உங்கப்பா வந்திருந்தாராமே?"

"ம்."

"எந்த கோலு புடிக்குமாம் அவருக்கு?"

"அஞ்சாவது. தலையால போட்டது."

"அது கண்ண மூடிக்கிட்டு முட்டினது மச்சி" என்று சிரித்தான். டிரைவர் ஏறினார். கண்டக்டர் கதவைத் தட்டினார். பஸ் பின்னால் நகர்ந்து திரும்பும்போது செல்வா முகத்தைக் கம்பிக்கு அருகே கொண்டுவந்தான்.

"அந்த ஏழையும் அவர்கிட்டருந்து புடுங்கிடாத. உன் பேர்லயே இருக்கட்டும்."