இடது காலை நீட்டினேன்

பெரிய வியாழன் காலையில் கோயில் உபதேசியார் போன் அடித்தார். மாலைப் பூசையில் பாதம் கழுவ உட்காரும் பன்னிரண்டு பேரில் ஒருவருக்குக் காய்ச்சலாம். "அண்ணே, ஒரு ஆளு குறையுது. நீங்க வந்து உக்காருங்க லா." சரி என்று சொல்லிவிட்டேன். போனை வைத்ததும் காலைத் திருப்பிப் பார்த்தேன். என் வலது பாதத்தில், பெருவிரலுக்கு அடியில், ஐம்பது காசு அளவுக்கு ஒரு புண் இருந்தது. அது என் மனைவிக்குக்கூடத் தெரியாது.

ஏன் சொல்லவில்லை என்றால், என் அண்ணன். நிபோங் திபால் ஊரில் இருந்தார். எனக்கு இருக்கும் அதே இனிப்பு நீர் வியாதிதான் அவருக்கும். சின்னக் கொப்புளம் என்று ஆஸ்பத்திரிக்குப் போனார். முதலில் விரலை எடுத்தார்கள், பிறகு முழங்காலுக்குக் கீழே எடுத்தார்கள். ஒரு வருடம்கூடத் தாங்கவில்லை, போய்விட்டார். தொழிற்சாலை சப்பாத்து கடித்து எனக்கும் கொப்புளம் வந்தபோது, நான் குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு திருத்தலத்து எண்ணெயைத் தடவினேன். ஒன்பது நாள் நவநாள் செபம் செய்தேன். புண் ஆறவில்லை. இன்னொரு நவநாள் தொடங்கினேன். விசுவாசம் என்று அதற்குப் பேர் வைத்துக்கொண்டேன். விசுவாசமாவது மண்ணாங்கட்டியாவது! பயம், வேறொன்றுமில்லை. காலை எடுக்கணும் என்று ஆண்டவர் வாய் திறந்து சொல்லமாட்டார் அல்லவா, அந்தத் தைரியம்தான்.

"என்னாங்க, வீட்டுல ஏதோ வாடை அடிக்குது" என்றாள் மனைவி, இரண்டு முறை. சாக்கடை என்று சொல்லிச் சமாளித்தேன்.

எங்கள் கோயிலில் வலது காலைத்தான் கழுவுவார்கள். நான் இடது காலை நீட்டிவிடுவது என்று முடிவு செய்தேன். கூட்டத்தில் யார் கவனிக்கப் போகிறார்கள்?

மாலையில் பீடத்துக்கு முன்னால் நாற்காலிகள் போட்டிருந்தார்கள். எனக்குப் பதினோராவது. கடைசி நாற்காலியில் உட்கார்ந்த டாக்சிக்காரர் என் காதில், "யூதாஸ் சீட்டை நம்ம தலையில கட்டிட்டாங்க, பாத்தீங்களா?" என்று சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது.

ஃபாதர் ஒவ்வொருவராக மண்டியிட்டு வந்தார். என் முறை வந்ததும் இடது காலை நீட்டினேன். அவர் ஒரு நொடி என்னைப் பார்த்துவிட்டுக் குவளையை எடுத்தார். நான் கண்களை மூடிக்கொண்டு, தண்ணீர் எப்போது படும் என்று காத்திருந்தேன். யேசுவே, அந்த வலது கால் யார் கண்ணிலும் படாமல் பார்த்துக்கொள். வெகுநேரம் ஆனது போலிருந்தது. கண்ணைத் திறந்தேன். ஃபாதர் துண்டால் என் காலைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

அடுத்ததாக டாக்சிக்காரர் காலில் தண்ணீர் ஊற்றியதும் அவர் துள்ளினார். "ஆத்தாடி, ஐஸ் தண்ணி!"

யேசு மரி சூசை! எனக்குத் தண்ணீர் பட்டதே தெரியவில்லை. நல்ல கால் என்று நான் நம்பியிருந்த கால் அது. அதன்பின் பூசையில் என்ன நடந்தது என்று எனக்கு நினைவில்லை. என் இரண்டு கால்களையும் வேறு யாருடையவோ போலப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

பூசை முடிந்து எல்லோரும் ஆராதனைக்கு நகர்ந்தபோது, வெளியே விளக்கடியில் இருந்த பெஞ்சில் உட்கார்ந்து மனைவியிடம் வலது காலுறையைக் கழற்றிக் காட்டினேன். அவள் கத்துவாள் என்று எதிர்பார்த்தேன். கையால் வாயைப் பொத்திக்கொண்டாள். பிறகுதான் கோபம் வந்தது. "இதுக்கா எண்ணெய தடவிக்கிட்டு இருந்தீங்க? செபம் பண்ண வேணாம்னு யாரு சொன்னா? கிளினிக்குல போய் உக்காந்து பண்ணுங்களேன்!"

மறுநாள் பெரிய வெள்ளி. உபவாசத்தை விட்டுவிட்டு, ரொட்டியும் மாத்திரையும் விழுங்கிவிட்டு, அரசாங்கக் கிளினிக்கில் நம்பர் எடுத்துக் காத்திருந்தேன். பாக்கெட்டுக்குள் செபமாலை இருந்தது. எந்த மணியில் இருக்கிறேன் என்றே தெரியவில்லை. பெயரைக் கூப்பிட்டதும் மனைவிதான் என்னை எழுப்பி நடத்திப் போனாள்.

டாக்டர் புண்ணைக் கிளறிப் பார்த்தார். எலும்பைத் தொடவில்லை, தினமும் வந்து கட்டுப் போட்டால் ஆறிவிடும் என்றார். "ஸ்தோத்திரம்" என்று சத்தமாகவே சொன்னேன். அண்ணனுக்கும் இப்படித்தான் சொன்னார்களோ என்ற நினைப்பு உடனே வந்தது.

பிறகு நர்ஸ், கையில் தூண்டில் நரம்பு போன்ற ஒரு நூலோடு என் காலடியில் உட்கார்ந்தாள். நல்ல காலைத்தான் முதலில் பிடித்தாள். "கண்ண மூடிக்குங்க அங்கிள். உணர்ச்சி இருக்கான்னு பாக்கணும். பாதத்துல பத்து இடத்துல குத்துவேன். பட்டா சொல்லுங்க."

கண்ணை மூடினேன். ஒன்றாவது தெரியட்டும் ஆண்டவரே, ஒன்றே ஒன்று. தொடங்கட்டும் என்று காத்திருந்தேன். "பத்தும் ஆயிருச்சி அங்கிள்" என்றாள் நர்ஸ். பக்கத்தில் நின்ற மனைவி விசும்பும் சத்தம் கேட்டது.